பீரோவுக்குப் பின்னால்

முஜ்ஜாவில் மூன்று வீடு பார்த்தோம்.
ஒன்றில் கடல் தெரிந்தது, விலையும் தெரிந்தது.
ஒன்றில் குளியலறை முழுக்க ஊதாப்பூ ஓடு.
மூன்றாவதில், எல்லாம் சரியாக இருந்த அந்த மூன்றாவதில்,
லிவியோ சமையலறை வாசலில் நின்று
விளக்குப் போட வலது கையை நீட்டினான்.
வெறும் சுவர்.
எங்கள் வீட்டில் அந்த இடத்தில்தான் சுவிட்ச்.
"வேண்டாம்" என்றான், அவ்வளவுதான்.

திரும்பும் படகில் பேச்சில்லை.
த்ரியெஸ்தேயின் கிரேன்கள் பெரிதாகிக்கொண்டு வந்தபோது
கட்டிலை ஜன்னல் பக்கம் போடலாமா என்று கேட்டேன்.
அப்படியென்றால் பீரோ நகர வேண்டும் என்றான்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள்.
அதோடு நிறுத்தியவர்களுக்குப்
பீரோ இருந்ததில்லை போலும்.
வாங்கிய வருஷம் நாலு பேர்
நாலு மாடி தூக்கி வந்தார்கள்;
அதில் ஒருவன் படிக்குப் படி
ஸ்லோவேனிய மொழியில் திட்டிக்கொண்டே ஏறினான்.
அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம்
அதை யாரும் தொடவில்லை,
போரா காற்று கட்டிடத்தையே உலுக்கும் இரவுகளில்
அதுவாக முனகுவதோடு சரி.

என் பழைய கம்பளிக் கோட்டைக் கிழித்துக்
கால்களுக்கு அடியில் கொடுத்தோம்.
தரைக்குச் சோப்பு.
முதுகால் நான், தோளால் அவன்.
ஒரு சாண்.
இன்னொரு சாண்.

பின்னால் இருந்த சுவர் பச்சை.
பச்சையில் குட்டிக் குட்டிப் பேரிக்காய்கள்.
சாம்பல் நிறச் சுவர் என்றுதான்
இத்தனை காலமும் வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.
ஒரு கொண்டை ஊசி, இருநூறு லிரா நாணயம்,
இடுப்பு உயரத்தில்
கருப்பாய், உருண்டையாய்,
ஒரு சுவிட்ச்.

போட்டோம், ஒன்றும் எரியவில்லை.
அணைத்தோம், ஒன்றும் அணையவில்லை.
துறைமுகக் கிரேன்களுக்கு வயர் இழுத்தவன் லிவியோ.
அறை அறையாக ஓடினான்,
ஃப்யூஸ் பெட்டியின் குடலை உருவினான்,
சாப்பிட வா என்றால்
"டக்" என்று மறுபடி ஒருமுறை போட்டுவிட்டு வந்தான்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவன்
பீரோவில் முழங்காலை இடித்துக்கொண்டான்.
கட்டில்தான் இடம் மாறியிருந்தது.
உடம்பு பழைய வீட்டைக் காலி செய்யவில்லை.
எனக்கு முகத்தில் நிலா,
அதுவும் பழகாத பக்கத்திலிருந்து.
யாரோ ஒருவர் வீட்டில்
விருந்துக்கு வந்து தங்கியதுபோல் படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் கதவு தட்டியது.
பக்கத்து வீட்டு ஒந்தீனா, பஸ் ஓட்டுகிறவள்,
சீருடையிலேயே நின்றாள்.
"நீவெஸ், என் ஜாடி அறையில்
மூணு நாளா விளக்கு எரியுது.
செத்த பல்புன்னு நினைச்சேன்.
குடிவந்த நாளா
டார்ச் அடிச்சுத்தான் ஊறுகாய் எடுக்கிறேன்."

ஒரு காலத்தில் இரண்டு வீடும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.
சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டு
லிவியோ தீர்ப்புச் சொன்னான்.
அரை நாள் வேலை, வயரை மாற்றித் தருகிறேன் என்றான்.
அவள் பேரிக்காய்ச் சுவரைப் பார்த்தாள்,
எங்கள் இருவரையும் பார்த்தாள்.
"அவசரமில்லை."

இப்போது இரண்டு தட்டு என்றால் போடு,
ஒரு தட்டு என்றால் அணை.
கடைசி டிரிப் முடித்து அவள் வரும்வரை
யாராவது ஒருவர் விழித்திருக்கிறோம்.
சில நாள் பிளம் ஜாமோடு தூங்கிப்போவாள்,
ஒற்றைத் தட்டு வராது.
நாங்களும் அணைப்பதில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்
நாங்கள் பார்த்தேயிராத ஓர் அறையில்
வெளிச்சம் இருக்கிறது என்று தெரிந்தபடி
படுத்துக் கிடப்போம்.

மற்ற சுவர்களுக்குப் பெயின்ட் அடித்தோம்.
கடுகுக்கும் முட்டைக்கருவுக்கும் நடுவில் ஒரு மஞ்சள்;
கடைக்காரன் அதற்கு ஏதோ பெயர் சொன்னான்.
பேரிக்காய்களை விட்டுவைத்தோம்.

லிவியோ இப்போதெல்லாம் இடித்துக்கொள்வதில்லை.
இருட்டில் பீரோவை வளைந்து
தண்ணீர்போல் போய்வருகிறான்.
போன வாரம் கவனித்தேன்.
இன்னும் ஒரு சாண் தள்ளினால் என்ன என்று
அப்போதிருந்து யோசனை.
அவனிடம் சொல்லவில்லை.
கோட்டின் மிச்சத்தை மட்டும்
குப்பையில் போடாமல் வைத்திருக்கிறேன்.